வேன், கேரவன் முன்கண்ணாடியில் கல் தெறித்து 'புள்ளி' விழுந்ததா? அது விரிசலா ஓடுறதுக்குள்ள என்ன செய்யணும்?

வேளாங்கண்ணியில் காலையில் கிளம்பிய ஒரு சுற்றுலா வேன், கிழக்கு கடற்கரைச் சாலை வழியாக ராமேஸ்வரம் போகிறது என்று வைத்துக்கொள்வோம். கட்டுமாவடி, மணமேல்குடி, கோட்டைப்பட்டினம், ஜெகதாப்பட்டினம் எல்லாம் தாண்டியாச்சு. புதுக்கோட்டை மாவட்டத்தின் கடைசிப் பகுதியில் இருக்கும் மீமிசலை வண்டி நெருங்குகிறது. முன்னால் ஒரு ஜல்லி லாரி. திடீரென 'டக்' என்று ஒரு சத்தம்.

ஓரமாக நிறுத்திப் பார்த்தால், முன்கண்ணாடியில் மிளகு அளவுக்கு ஒரு புள்ளி. டிரைவர் ஓனருக்கு போன் போடுகிறார்.

"அண்ணே, கண்ணாடியில கல்லு தெறிச்சிருச்சு. சின்னப் புள்ளிதான்."

"விரிசல் எதும் ஓடுதா தம்பி?"

"இல்லண்ணே, புள்ளி மட்டும்தான் இருக்கு."

"அப்ப சரி. ட்ரிப்ப முடிச்சுட்டு வா, அப்புறம் பாத்துக்கலாம்."

இந்த 'அப்புறம் பாத்துக்கலாம்'தான் பல வண்டிகளில் முழுக் கண்ணாடியையும் காவு வாங்குகிறது. ராமேஸ்வரத்தில் வண்டி அரை நாள் வெயிலில் நிற்கும். சாயங்காலம் ஏசியை முழுசாகத் திறந்துவிட்டால், அந்தப் புள்ளியிலிருந்து ஒரு கோடு கிளம்பி கண்ணாடியின் ஓரம் வரை ஓடிவிடலாம். சில நூறு ரூபாயிலிருந்து ஓரிரு ஆயிரத்துக்குள் முடிந்திருக்க வேண்டிய வேலை, பல ஆயிரம் ரூபாய் செலவாக மாறிவிடும்.

கல் பட்டவுடன் என்ன செய்வது? எதைச் செய்யவே கூடாது? எப்போது ஒட்டலாம், எப்போது மாற்றியே ஆகணும்? இன்சூரன்ஸ் கிடைக்குமா? விரிவாகப் பார்க்கலாம்.

முன்கண்ணாடி ஏன் நொறுங்காமல் நிற்கிறது?

வண்டியின் பக்கவாட்டுக் கண்ணாடியும் முன்கண்ணாடியும் ஒன்றல்ல. பெரும்பாலான வண்டிகளில் பக்கவாட்டில் இருப்பது 'டஃபன்ட் கிளாஸ்'. அது உடைந்தால் கற்கண்டு போல மொத்தமும் சிறு துண்டுகளாக உதிர்ந்துவிடும்.

முன்னால் இருப்பது 'லேமினேட்டட் கிளாஸ்'. இரண்டு கண்ணாடித் தகடுகள், நடுவில் பாலிவினைல் பியூட்டிரால் என்ற ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் படலம். அந்தப் படலத்தின் தடிமன் பொதுவாக 0.76 மில்லிமீட்டர். கண்ணாடி உடைந்தாலும் துண்டுகள் இந்தப் படலத்தில் ஒட்டிக்கொண்டே நிற்கும். டிரைவரின் முகத்தில் வந்து அடிக்காது.

பிரெஞ்சு வேதியியலாளர் எடுவார் பெனடிக்டஸ் 1909-ல் இந்த வகைக் கண்ணாடிக்குக் காப்புரிமை பெற்றார். ஆய்வகத்தில் கீழே விழுந்த ஒரு கண்ணாடிக் குடுவை, உள்ளே படிந்திருந்த ரசாயனப் படலத்தால் சிதறாமல் நின்றதைப் பார்த்துதான் அவருக்கு இந்த யோசனை வந்தது என்று சொல்வார்கள்.

இந்தியாவில் 1989-ம் ஆண்டு மத்திய மோட்டார் வாகன விதிகளின் 100-வது விதி, வண்டிகளில் பாதுகாப்புக் கண்ணாடிதான் இருக்க வேண்டும் என்கிறது. 1993-ல் வந்த திருத்தம், அதிலிருந்து மூன்று ஆண்டுகளுக்குப் பிறகு தயாராகும் வண்டிகளின் முன்கண்ணாடி லேமினேட்டட் ஆகவே இருக்க வேண்டும் என்றது. அதற்கு முன் வந்த பழைய லாரிகளில் ஒரு கல் பட்டாலே கண்ணாடி முழுக்க வெள்ளையாகி, எதிரே எதுவும் தெரியாமல் போன அனுபவம் மூத்த டிரைவர்களுக்கு நன்றாக நினைவிருக்கும்.

இன்றைய கண்ணாடியில் கல் பட்டால், பெரும்பாலும் வெளித் தகடு மட்டும்தான் அடிபடும். நடுப் படலமும் உள் தகடும் நன்றாகவே இருக்கும். கல்லடியை ஒட்டிச் சரிசெய்ய முடிவது இதனால்தான்.

கல் எங்கிருந்து வருகிறது?

மீமிசல் பகுதியில் ஈ.சி.ஆர். எதிரும் புதிருமாக வண்டிகள் ஓடும் இருவழிச் சாலை. வேளாங்கண்ணி, நாகூர் பக்கமிருந்து தேவிபட்டினம், ராமேஸ்வரம், ஏர்வாடி போகும் ஆன்மிகச் சுற்றுலா வேன்கள் இந்த வழியில் போகின்றன. கோட்டைப்பட்டினம், ஜெகதாப்பட்டினம் மீன்பிடித் துறைமுகங்களின் மீன் லாரிகளும் இதே சாலையில்தான். புதுக்கோட்டை மாவட்டத்தில் கல்குவாரிகளுக்கும் குறைவில்லை. ஜல்லி, எம்-சாண்ட் ஏற்றிய டிப்பர்கள் கடற்கரை ஊர்களின் கட்டட வேலைக்கு வந்து போகும்.

கல் மூன்று விதமாக வரும்.

ஒன்று, தார்ப்பாய் போடாத லோடிலிருந்து உருண்டு விழுவது. இரண்டாவது, சாலையில் பேட்ச் ஒர்க் நடந்த இடத்தில் கிடக்கும் ஜல்லி, முன்வண்டியின் டயர் பட்டுத் தெறிப்பது. மூன்றாவது, லாரிகளின் பின்பக்க ஜோடி டயர்களுக்கு நடுவில் சிக்கிய கல், வேகம் கூடியதும் விடுபட்டுப் பறப்பது. வண்டி எடுப்பதற்கு முன் கிளீனர்கள் கம்பியால் ஜோடி டயருக்கு நடுவில் தட்டிப் பார்ப்பது இந்தக் கல்லுக்காகத்தான்.

60-ல் போனால் புள்ளி, 100-ல் போனால் விரிசல்

கல்லின் வேகத்தை விட உங்கள் வண்டியின் வேகம்தான் இங்கே முக்கியம். முன்னால் போன லாரி கிளப்பிவிட்ட கல், கிட்டத்தட்ட ஒரே இடத்தில் அந்தரத்தில் நிற்கிறது என்றே வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் 100 கிலோமீட்டர் வேகத்தில் போய் அதன் மேல் மோதினால், அந்தக் கல் 100 கிலோமீட்டர் வேகத்தில் வந்து அடித்ததற்குச் சமம்.

மோதலின் ஆற்றல், வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்துக் கூடும். 60-ல் போகும்போது படும் அடியை விட, 80-ல் போகும்போது படும் அடி ஏறத்தாழ 1.8 மடங்கு. 100-ல் போனால் ஏறத்தாழ 2.8 மடங்கு. கல் அதேதான், அடி மட்டும் கிட்டத்தட்ட மூன்று மடங்கு.

புள்ளி எப்படி விரிசலாக ஓடுகிறது?

கண்ணாடிக்கு அழுத்தத்தைத் தாங்கும் சக்தி அதிகம். ஆனால் இழுவிசையைத் தாங்காது. கல் பட்ட இடத்தில் கண்ணுக்குத் தெரியாத மெல்லிய கீறல்கள் இருக்கும். கண்ணாடியில் எந்த இழுவிசை வந்தாலும் அது அந்தக் கீறலின் நுனியில் போய்க் குவியும். துணியை ஓரத்தில் கத்தரியால் லேசாக வெட்டிவிட்டு இழுத்தால் அங்கிருந்தே கிழியுமே, அதே மாதிரிதான்.

இழுவிசை வரும் வழிகள்:

வெயில்: கத்திரி வெயிலில் நிற்கும் வண்டியின் கண்ணாடி கொதிக்கும். உள்ளே ஏசிக் காற்று பட்டதும் உள் தகடு சுருங்கப் பார்க்கும், வெளித் தகடு சூடாகவே இருக்கும். இந்த வித்தியாசமே கீறலை ஓட வைக்கும். சூடான கண்ணாடியில் பச்சைத் தண்ணீர் ஊற்றினாலும் இதே கதிதான்.

குலுக்கல்: வேகத்தடை, பள்ளம், பாலத்தின் இணைப்பு என்று வண்டி ஒவ்வொரு முறை குலுங்கும்போதும் பாடி லேசாக முறுக்கும். அந்த முறுக்கல் கண்ணாடிக்கும் வரும்.

கதவு: கண்ணாடிகளை எல்லாம் ஏற்றிவிட்டு கதவை ஓங்கிச் சாத்தினால் உள்ளே காற்றழுத்தம் சட்டென்று கூடி முன்கண்ணாடியைத் தள்ளும்.

கடற்கரைச் சாலையில் இன்னொரு தொல்லையும் உண்டு. உப்பு கலந்த ஈரக்காற்றும் நுண்மணலும் கீறலுக்குள் போய் உட்கார்ந்துவிடும். பிறகு ஒட்டப் போனால் பசை சரியாகப் பிடிக்காது, ஒட்டிய இடமும் மங்கலாகத் தெரியும். கல்லடியைச் சுத்தமாக இருக்கும்போதே ஒட்டணும் என்று சொல்வதற்குக் காரணம் இது.

கல் பட்டதும் முதல் அரை மணி நேரம்

1. சடன் பிரேக் போடாதீர்கள். பின்னால் வரும் வண்டி இடித்துவிடும். இண்டிகேட்டர் போட்டு, இடதுபக்கம் பாதுகாப்பான இடத்தில், பெட்ரோல் பங்க், டீக்கடை மாதிரி இடத்தில் நிறுத்துங்கள். முடிந்தால் நிழலில்.

2. ஏசியை மெதுவாகக் குறையுங்கள். கண்ணாடியை நோக்கி வீசும் காற்றை முதலில் நிறுத்துங்கள்.

3. உள்பக்கம் விரலால் மெதுவாகத் தடவிப் பாருங்கள். வழவழப்பாக இருந்தால் உள் தகடு தப்பித்தது. சொரசொரப்பாக இருந்தாலோ, கண்ணாடித் தூள் கையில் ஒட்டினாலோ, உள் தகடும் போய்விட்டது என்று அர்த்தம். வெளிப்பக்கம் விரல் வைத்து அழுத்த வேண்டாம்.

4. அடிபட்ட இடத்துக்குப் பக்கத்தில் ஒரு ரூபாய் நாணயத்தை வைத்து போட்டோ எடுங்கள். இப்போது புழக்கத்தில் உள்ள புதிய ஒரு ரூபாய் நாணயத்தின் குறுக்களவு சுமார் 20 மில்லிமீட்டர். கடைக்காரருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினால் அளவு உடனே புரிந்துவிடும். நம்பர் பிளேட்டும் கண்ணாடியும் சேர்ந்து தெரிய இன்னொரு போட்டோ, இன்சூரன்ஸுக்கு உதவும்.

5. மேலே தளர்ந்து நிற்கும் தூளை காய்ந்த மெல்லிய துணியால் ஒற்றி எடுத்துவிட்டு, நிறமில்லாத செல்லோ டேப்பை ஒட்டுங்கள். தூசி, தண்ணீர், உப்புக்காற்று உள்ளே போகாது. புள்ளி டிரைவரின் பார்வைக்கு நேராக இருந்தால், டேப்பைப் பார்வையை மறைக்காத அளவுக்குச் சின்னதாக வெட்டி ஒட்டணும்.

6. கடைக்கு போன் போட்டுக் கேட்டுவிட்டுப் போங்கள். 'கண்ணாடி மாத்துவீங்களா' என்று கேட்டால் போதாது. 'கல்லடி பட்டதை ரெசின் போட்டு ஒட்டுற மெஷின் இருக்கா' என்றே கேட்கணும். மீமிசல் மாதிரி சின்ன ஊரில் கிடைக்கவில்லை என்றால், வடக்கே வருபவர்கள் அறந்தாங்கி, புதுக்கோட்டை பக்கமும், தெற்கே போகிறவர்கள் ராமநாதபுரம் பக்கமும், மேற்கே திரும்புகிறவர்கள் காரைக்குடி பக்கமும் விசாரிக்கலாம்.

கடை போய்ச் சேரும்வரை வேகத்தைக் குறைத்து, பள்ளம் மேட்டில் நிதானமாக ஓட்டினால் போதும். புள்ளியிலிருந்து கோடு ஓட ஆரம்பித்தால், பயணிகள் இருக்கும் வண்டியை அதே வேகத்தில் தொடர வேண்டாம்.

இதையெல்லாம் செய்யாதீங்க

சூப்பர் க்ளூ, நெயில் பாலிஷ், எம்-சீல் எதையும் தடவ வேண்டாம். 'அவசரத்துக்கு' என்று பலரும் செய்வது இது. இவை கீறலின் அடி வரை போகாது, வாயை மட்டும் அடைத்துவிடும். பிறகு சரியான ரெசின் உள்ளே போக வழியே இருக்காது. ஒட்டியிருக்க வேண்டிய கண்ணாடி, மாற்ற வேண்டிய கண்ணாடியாகிவிடும்.

வாட்டர் சர்வீஸ் கொடுக்க வேண்டாம். பிரஷர் தண்ணீர் கீறலுக்குள் அழுக்கையும் சோப்பையும் ஏற்றிவிடும்.

அடிபட்ட இடத்தின் மேல் வைப்பர் ஓட விட வேண்டாம். மழை பெய்தால் டேப் மேல் மெதுவாக ஓடட்டும், காய்ந்த கண்ணாடியில் கூடாது.

ஒட்டலாமா, மாற்றணுமா?

கல்லடியில் சில வகை உண்டு. வட்டமாக, நடுவில் புள்ளியோடு இருப்பது 'புல்ஸ் ஐ'. பாதி வட்டம் 'ஹாஃப் மூன்'. நடுவிலிருந்து கால் கால்களாகக் கீறல் ஓடுவது 'ஸ்டார்'. இரண்டும் கலந்து இருப்பது 'காம்பினேஷன்'. வட்டமாக இருப்பதை ஒட்டுவது சுலபம். ஸ்டாரில் ஒவ்வொரு காலின் நுனி வரை ரெசின் போகணும் என்பதால் வேலை கூடுதல், நாள் கடத்தினால் ஓடிவிடும் ஆபத்தும் கூடுதல்.

பொதுவாகக் கடைக்காரர்கள் பார்க்கும் விஷயங்கள் இவை:

அளவு: ஒரு ரூபாய் நாணயத்தால் மூடிவிடக்கூடிய புள்ளி என்றால் பெரும்பாலும் ஒட்டலாம்.

இடம்: கண்ணாடியின் ஓரத்துக்கு மிக அருகில் இருந்தால் ஒட்டினாலும் நிற்பது கஷ்டம். ஓரத்தில்தான் கண்ணாடிக்கு அழுத்தம் அதிகம்.

பார்வை: ரெசின் போட்டாலும் லேசான தழும்பு தெரியும். டிரைவரின் கண்ணுக்கு நேராக இருந்தால், ராத்திரி எதிர்வண்டி வெளிச்சம் அதில் பட்டுச் சிதறும்.

ஆழம்: உள் தகடு அடிபட்டிருந்தாலோ, நடுப் படலம் வெள்ளையாகப் பூத்திருந்தாலோ ஒட்டக்கூடாது, மாற்றத்தான் வேண்டும்.

இந்த விஷயத்தில் பிரிட்டனில் அளவுகளே வகுத்து வைத்திருக்கிறார்கள். அங்கே வண்டிகளுக்கு ஆண்டுதோறும் நடக்கும் எம்.ஓ.டி. சோதனையில், ஸ்டியரிங்குக்கு நேராக 290 மில்லிமீட்டர் அகலப் பகுதிக்குள், வைப்பர் துடைக்கும் இடத்தில் 10 மில்லிமீட்டருக்கு மேல் சேதம் இருந்தால் கார் தேறாது. வைப்பர் துடைக்கும் மற்ற இடங்களில் 40 மில்லிமீட்டர் வரை விடுவார்கள். இது நம் ஊர்ச் சட்டம் இல்லை. ஆனால் 'டிரைவர் கண்ணுக்கு நேரா இருந்தா சின்னதும் பெருசுதான்' என்பதைப் புரிந்துகொள்ள நல்ல அளவுகோல்.

ரெசின் வேலை எப்படி நடக்கும்?

முதலில் கீறலில் இருக்கும் கண்ணாடித் தூளை ஊசி முனையால் எடுப்பார்கள். ஈரம் இருந்தால் காய வைப்பார்கள். பிறகு, உறிஞ்சு ரப்பர் வைத்த ஒரு சிறு ஸ்டாண்டைக் கண்ணாடியில் பொருத்துவார்கள். அதன் நடுவில் சிரிஞ்ச் மாதிரி ஒரு குழாய் புள்ளியின் மேல் சரியாக உட்காரும். முதலில் அது உள்ளே இருக்கும் காற்றை உறிஞ்சும். அப்புறம் ரெசினை அழுத்தி உள்ளே ஏற்றும்.

இந்த ரெசின் புற ஊதா ஒளி பட்டால்தான் இறுகும். அதற்காக யு.வி. விளக்கைச் சில நிமிடங்கள் காட்டுவார்கள். கடைசியில் மேலே நிற்கும் ரெசினை பிளேடால் மட்டமாகச் சுரண்டி பாலிஷ் போடுவார்கள். ஒரு புள்ளிக்கு அரை மணி நேரம் போதும்.

வெயிலில் நிற்கும் வண்டியில் இந்த வேலையைச் செய்யக்கூடாது. சூரிய ஒளியிலும் புற ஊதாக் கதிர் இருப்பதால், கீறலின் நுனிக்குப் போவதற்குள் ரெசின் இறுகிவிடும். நிழலில், கண்ணாடி சூடு ஆறிய பிறகு செய்கிறார்களா என்று பாருங்கள்.

ஆன்லைனில் விற்கும் ரெசின் கிட் வாங்கி நாமே செய்யலாமா? டிரைவர் பார்வைக்கு வெளியே உள்ள சின்ன வட்டப் புள்ளி என்றால் முயற்சி செய்யலாம். ஆனால் ஒரு முறை இறுகிய ரெசினை எடுத்துவிட்டு மறுபடி செய்வது நடக்காத காரியம். தப்பாகப் போனால் கடைக்காரராலும் காப்பாற்ற முடியாது.

கேரவன், பாடி கட்டிய வண்டிக்கு ஏன் கூடுதல் கவனம்?

தமிழ்நாட்டில் கேரவன் என்றாலே சினிமா ஷூட்டிங் வண்டிதான் நினைவுக்கு வரும். இப்போது குடும்பத்தோடு தங்கிப் பயணிக்கும் வண்டிகளாகவும் அவை மாறி வருகின்றன. பக்கத்து மாநிலமான கேரளா 2021-லேயே 'கேரவன் கேரளா' என்று சுற்றுலாத் திட்டமே கொண்டுவந்தது.

இந்த வண்டிகளில் பலவும் வேன் அல்லது பஸ் சேஸிஸ் மேல் கட்டப்பட்டவை. முன்கண்ணாடி காரை விடப் பல மடங்கு பெரியது, பெரும்பாலும் நிமிர்ந்து நிற்கும். சாய்ந்த கண்ணாடியில் கல் பட்டால் வழுக்கிக்கொண்டு மேலே போக வாய்ப்பு உண்டு. நிமிர்ந்த கண்ணாடியில் அடி நேராக விழும். சேஸிஸ் நீளம் என்பதால் முறுக்கலும் அதிகம். கட்டில், அலமாரி, தண்ணீர் டேங்க் என்று எடையும் அதிகம்.

இன்னொரு சிக்கல், கண்ணாடி கிடைப்பது. பிரபலமான கார் மாடலுக்கு ரெடிமேட் கண்ணாடி கிடைத்துவிடும். ஆனால் பஸ் பாடி கட்டுவதற்குப் பெயர் பெற்ற கரூர் போன்ற இடங்களில் கட்டிய வண்டி என்றால், கண்ணாடி அந்த பாடி டிசைனுக்கு ஏற்ற அளவில் இருக்கும். மீமிசலில் உடைந்தால் கரூரிலிருந்து வர வேண்டியிருக்கும். அதுவரை வண்டி நிற்கும், புக்கிங் போகும். வேன் ஓனருக்குக் கண்ணாடி விலையை விட இந்த ஓடாத நாட்களின் நஷ்டம்தான் பெரிது. பாடி பில்டரின் போன் நம்பரும், கண்ணாடியின் அளவும், மூலையில் உள்ள முத்திரையின் போட்டோவும் வண்டி பேப்பர்களோடு இருந்தால் அந்த நேரத்தில் அலைச்சல் குறையும்.

இன்சூரன்ஸ் கிடைக்குமா? கேட்கலாமா?

தேர்டு பார்ட்டி பாலிசி மட்டும் இருந்தால் கிடைக்காது. காம்ப்ரிஹென்சிவ் பாலிசியில், சொந்த வண்டி சேதத்தின் கீழ் முன்கண்ணாடி வரும். பிளாஸ்டிக், ரப்பர் பாகங்களுக்கு 50 சதவீதம் தேய்மானம் கழிப்பார்கள். கண்ணாடிக்குத் தேய்மானக் கழிவு கிடையாது. ஆனால் நாம் கட்டாயம் போட வேண்டிய பங்கு ஒன்று உண்டு. தனியார் கார் என்றால் 1500 சி.சி. வரை 1,000 ரூபாய், அதற்கு மேல் 2,000 ரூபாய்.

இங்கே கவனிக்க வேண்டியது 'நோ க்ளெய்ம் போனஸ்'. க்ளெய்ம் எதுவும் இல்லாமல் ஓட்டினால் ஆண்டுக்கு ஆண்டு 20, 25, 35, 45, 50 சதவீதம் என்று தள்ளுபடி ஏறும். ஒரு க்ளெய்ம் போட்டால் பூஜ்யத்துக்கு வந்துவிடும்.

உதாரணத்துக்கு, சொந்த சேத பிரீமியம் 20,000 ரூபாய், தள்ளுபடி 50 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். கண்ணாடிக்காக க்ளெய்ம் போட்டால் அடுத்த ஆண்டு 10,000 ரூபாய் தள்ளுபடி போகும். அதற்கடுத்த ஆண்டு 20 சதவீதத்தில் இருப்பீர்கள், அதனால் 6,000 ரூபாய் குறையும். அப்புறம் 5,000, 3,000, 1,000. பிரீமியம் மாறவில்லை என்றால், பழைய 50 சதவீதத்துக்குத் திரும்புவதற்குள் மொத்தம் 25,000 ரூபாய் தள்ளுபடியை இழந்திருப்பீர்கள். கண்ணாடி விலை 15,000 ரூபாய் என்றால், கையிலிருந்து போடுவதே லாபம். விலை 40,000 என்றால் க்ளெய்ம் போடுவது சரி.

போனஸைக் காக்கும் கூடுதல் கவர் எடுத்திருந்தால் கணக்கு மாறும். கல்லடியை ஒட்டும் செலவை மட்டும் போனஸைத் தொடாமல் தருவார்களா என்பது பாலிசிக்குப் பாலிசி வேறுபடும். கம்பெனிக்கு போன் செய்து கேட்டுவிட்டு முடிவெடுங்கள். க்ளெய்ம் போடுவதாக இருந்தால், தகவல் சொல்லாமல் கண்ணாடியை மாற்றிவிடக் கூடாது.

விரிசலோடு ஓட்டினால் சட்டம் என்ன சொல்கிறது?

மோட்டார் வாகனச் சட்டம் 190-வது பிரிவின்படி, ஆபத்தை உண்டாக்கும் குறை இருப்பது தெரிந்தும் வண்டியைப் பொது இடத்தில் ஓட்டினால் 1,500 ரூபாய் வரை அபராதம். அந்தக் குறையால் விபத்து நடந்து யாருக்காவது காயமோ பொருள் சேதமோ ஏற்பட்டால், 3 மாதம் வரை சிறை அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும்.

மிளகு அளவுப் புள்ளிக்காக யாரும் பிடிக்கப் போவதில்லை. ஆனால் டிரைவர் கண்ணுக்குக் குறுக்கே ஓடும் விரிசல் அப்படி இல்லை. முன்கண்ணாடி வழியாகக் குறைந்தது 70 சதவீத வெளிச்சம் ஊடுருவ வேண்டும் என்பதும் விதி. விரிசலை மறைக்க ஃபிலிம், பெரிய ஸ்டிக்கர் ஒட்டுவது இன்னொரு வம்பில் மாட்டிவிடும். கமர்ஷியல் வண்டிகள் எட்டு ஆண்டு வரை இரண்டு ஆண்டுக்கு ஒரு முறையும், பிறகு ஆண்டுதோறும் எஃப்.சி. காட்ட வேண்டும் என்பதையும் மறக்க வேண்டாம்.

புதுக் கண்ணாடி போட்டால் கவனிக்க வேண்டியவை

கண்ணாடியின் மூலையில் ஐ.எஸ்.ஐ. முத்திரையும், ஐ.எஸ். 2553 என்ற தர எண்ணும், லேமினேட்டட் என்ற குறிப்பும் இருக்கிறதா என்று பாருங்கள்.

கண்ணாடியைப் பசை போட்டு ஒட்டும் வண்டி என்றால், பசை இறுகும் வரை வண்டியை எடுக்கக்கூடாது. எவ்வளவு நேரம் என்பது பசைக்குப் பசை மாறும், கடைக்காரரிடம் கேளுங்கள். அன்றைக்கு ஒரு பக்கவாட்டுக் கண்ணாடியை லேசாக இறக்கி வையுங்கள், கதவை ஓங்கிச் சாத்தாதீர்கள், வாட்டர் சர்வீஸ் வேண்டாம். ரப்பர் பீடிங்கில் மாட்டும் கண்ணாடி என்றால் பழைய ரப்பர் வெடித்திருக்கிறதா என்று பார்த்து அதையும் மாற்றிவிடுங்கள். இல்லையென்றால் மழைக்கு ஒழுகும்.

கண்ணாடிக்குப் பின்னால் கேமரா வைத்த புது வண்டிகளில், கண்ணாடி மாற்றிய பின் கேமராவை மறுபடி அளவிட்டுச் சரிசெய்யணும்.

பலரும் மறந்துவிடும் விஷயம், ஃபாஸ்டேக். பழைய கண்ணாடியோடு அதுவும் போய்விடும். உரித்து எடுத்தால் உள்ளே இருக்கும் சிப் வேலை செய்யாது. வங்கியிடம் சொல்லி அதே வண்டிக்கு மாற்று டேக் வாங்கணும். டேக்கைக் கண்ணாடியில் ஒட்டாமல் கையில் வைத்து டோல்கேட்டில் காட்டினால் அதை முடக்கவும் விதி இருக்கிறது.

கல் படாமல் தப்பிக்க என்ன வழி?

ஜல்லி, எம்-சாண்ட் லாரிக்குப் பின்னால் ஒட்டிப் போகாதீர்கள். குறைந்தது மூன்று விநாடி இடைவெளி விடுங்கள். 60 கிலோமீட்டர் வேகத்தில் அது 50 மீட்டர், 80-ல் சுமார் 67 மீட்டர். முன்வண்டி ஒரு மைல்கல்லைத் தாண்டியதும் மூன்று எண்ணி முடிப்பதற்குள் நீங்கள் அதைத் தொட்டுவிட்டால், நெருங்கிப் போகிறீர்கள் என்று அர்த்தம்.

சாலை வேலை நடக்கும் இடத்தில் வேகத்தை 40-க்குக் குறையுங்கள். முந்துவதாக இருந்தால் இடம் பார்த்து ஒரே முறையில் முந்திவிடுங்கள். லாரி பின்னாலேயே ஆடி ஆடிப் போவதுதான் ஆபத்து.

கடற்கரையில் நிறுத்தியிருந்த வண்டியை எடுக்கும்போது, வைப்பரைப் போடுவதற்கு முன் நல்ல தண்ணீர் தெளித்து உப்பையும் மணலையும் கழுவிவிடுங்கள். மணலோடு வைப்பர் ஓடினால் விழும் நுண்கீறல்கள் ராத்திரி நேரத்தில் எதிர்வெளிச்சத்தைச் சிதறடிக்கும்.

ஒரு செல்லோ டேப், ஒரு மெல்லிய துணி, கண்ணாடிக் கடை நம்பர். இந்த மூன்றும் டேஷ்போர்டில் இருக்கட்டும். அடுத்த முறை டிரைவர் போன் போட்டு "அண்ணே, கல்லு தெறிச்சிருச்சு" என்றால், ஓனர் சொல்ல வேண்டிய பதில்: "நெழல்ல நிறுத்து தம்பி, டேப் ஒட்டு, போட்டோ அனுப்பு. போற வழியிலயே ஒட்டிட்டுப் போயிடலாம்."